கண் ஓடும் விதத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் கண் அசைவைப் பதிவு செய்வது என் வேலை. தாடையை ஸ்டாண்டில் வைத்து உட்காருவதற்காக வருகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவர்கள் உண்டு, ரிட்டையர் ஆன தாத்தாக்கள் உண்டு. காபி வருவதற்குள் எல்லாரும் கேட்கிற கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் கண் டாக்டர் இல்லை. கண்ணில் வலி, மங்கல் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஆதாருக்குக் கண்ணைப் படம் எடுத்தார்களே, அதுதானே இது?

இல்லை. பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆதாரில் பதிவானது கருவிழியில் இருக்கும் கோலம். அது அசையாத படம். நீங்கள் எங்கே பார்த்தாலும், எப்படிப் பார்த்தாலும் அந்தக் கோலம் மாறாது. நாங்கள் பதிவு செய்வது கண் ஓடும் விதத்தை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே "அப்பா வந்துட்டார்" என்கிறோமே, அந்த வகை.

என் கண் ஓடவே இல்லையே, நேராகத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

வீட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டால், "டக் டக்கென்று தாவுகிறதே" என்பார். கண் தாவுகிற அந்தக் கணத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் அமுக்கிவிடுகிறது. அதனால்தான் நம் கண் ஓடுவது நமக்கே தெரியாத ரகசியமாக இருக்கிறது.

கண் ஓடியே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான், அதாவது சுமார் 2 டிகிரிதான், ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். ஆகவே கண் ஒரு நொடிக்குச் சுமார் மூன்று தடவை தாவி, தாவிய இடத்தில் 200 முதல் 300 மில்லிநொடி நின்று, மறுபடி தாவுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போகவில்லை, குதித்துக் குதித்துத்தான் போகிறது. பாரிஸில் கண் மருத்துவராக இருந்த லூயி எமீல் ஜவாலின் ஆய்வுகளோடு 1879-இலேயே தெரியவந்த சங்கதி இது.

நேரில் பார்க்க ஆசை என்றால் பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் ரயிலில் ஏறுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறவரின் கண்ணைக் கவனியுங்கள். ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போகும், வெடுக்கென்று முன்னால் வரும், அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் திட்டு வாங்குவீர்கள்.

எல்லாருக்கும் கண் தாவத்தான் செய்கிறது. ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அந்த ஆறையும் மூன்று நரம்புகள் ஓட்டுகின்றன. எந்தத் தசைக்கு எவ்வளவு இழுவை, எப்போது விட வேண்டும் என்ற கணக்கை மூளைத்தண்டு போடுகிறது. தசையின் விறைப்பு, கண்கோளத்தின் அளவு, கணக்கில் வரும் சின்னப் பிசகு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டு பேர் ஒரே புள்ளியிலிருந்து ஒரே புள்ளிக்குத் தாவினாலும், போய்ச் சேர்ந்த விதம் ஒன்றாக இருக்காது.

மாநகரப் பேருந்து ஸ்டாப்பில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரைவர் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டு, அப்புறம் மெல்ல உருட்டிக் கொண்டுவந்து சேர்ப்பார். இன்னொருவர் தாண்டிப் போய்த்தான் நிறுத்துவார், ஜனங்கள் ஓட வேண்டும். மூன்றாமவர் சரியாக நிறுத்துவார், ஆனால் பிரேக் போடும்போது ஒரு குலுக்கல். தினமும் அதே தடத்தில் போகிறவர், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இன்று யார் வண்டி என்று சொல்லிவிடுவார்.

கண்ணும் அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு, பெரிய தாவல் இலக்குக்குச் சற்று முன்னாலேயே விழும். பிறகு ஒரு குட்டித் தாவல் வந்து சரிசெய்யும். எவ்வளவு முன்னால், எத்தனை மில்லிநொடி கழித்துத் திருத்தம், தாவலின் உச்ச வேகம் என்ன, வலது பக்கம் போகும்போதும் இடது பக்கம் போகும்போதும் ஒரே வேகமா என்று பார்க்கிறோம். பெரிய தாவலில் உச்ச வேகம் நொடிக்கு 500 டிகிரியைத் தாண்டும். நம் உடம்பிலேயே மிக வேகமான அசைவுகளில் அது ஒன்று. ஒரே புள்ளியை அசையாமல் பார்க்கச் சொன்னாலும் கண் சும்மா இருக்காது. மெதுவாக நழுவும், நொடிக்கு ஒன்றோ இரண்டோ நுண்தாவல் போடும். அந்த நழுவலிலும் ஆள் தெரிகிறார்.

எங்கள் கூடத்துக்கு அடிக்கடி வரும் ஒரு கல்லூரி மாணவிக்கு இடப்பக்கத் தாவல் எப்போதுமே ஒரு கொக்கி போட்டு முடியும். திரையில் கோடு போட்டுக் காட்டினால் "ட" எழுத்து மாதிரி ஒரு வளைவு. ஃபைலில் பெயர் இல்லாவிட்டாலும் அந்தக் கொக்கியைப் பார்த்ததும் எனக்கே அவள் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் இதுபோல நூற்றுக்கணக்கான கொக்கிகளை ஒரே நேரத்தில் பார்க்கிறது, அவ்வளவுதான்.

எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறீர்கள்?

அதுவும் உதவும், ஆனால் அதை நம்பினால் மோசம் போவீர்கள். ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்புஸ் ஒரே ஓவியத்தை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் காட்டினார். ஒரு தடவை "இவர்கள் வயது என்ன இருக்கும்?" என்றார், இன்னொரு தடவை "இந்தக் குடும்பம் எவ்வளவு வசதியானது?" என்றார். கேள்வி மாறியதும் கண் போன பாதையே மாறிவிட்டது. 1967-இல் ஆங்கிலத்தில் வந்த அவர் புத்தகத்தில் அந்தப் படங்களைப் பார்க்கலாம்.

நம் ஊரிலும் அதே கதைதான். ரங்கநாதன் தெருவில் புடவை வாங்கப் போகும்போது ஓடுகிற கண் வேறு, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடும்போது ஓடுகிற கண் வேறு. போகிற இடம் மாறிக்கொண்டே இருக்கும். தாவுகிற விதம் அவ்வளவு சுலபமாக மாறாது. அடையாளத்துக்குப் பின்னதுதான் கெட்டி.

முதலில் செய்தது யார்?

போலந்தில் பாவெல் காஸ்ப்ரோவ்ஸ்கியும் யூசெஃப் ஓபரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் தொடக்கம் என்பார்கள். திரையில் தாவும் ஒரு புள்ளியைச் சிலரைப் பின்தொடரச் சொல்லி, அந்தப் பதிவை வைத்து ஆளைப் பிரித்துக் காட்டினார்கள். 2012-இல் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒலெக் கோமகோர்ட்செவின் குழு பல வருடங்களாக இதே வேலையாக இருக்கிறது. ஜெர்மனியில் போட்ஸ்டாம் பல்கலைக்கழகக் குழு 2019-இல் நுண்தாவல் உட்பட மொத்தப் பதிவையும் அப்படியே நரம்பு வலைப்பின்னல் என்கிற, தானாகக் கற்கும் மென்பொருளுக்குள் கொட்டிப் பார்த்தது. அதன்பிறகு வேகம் பிடித்தது.

எப்படி அளக்கிறீர்கள்? கண்ணில் ஏதாவது ஒட்டுவீர்களா?

பயப்பட வேண்டாம், அந்தக் காலம் போய்விட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் எட்மண்ட் ஹ்யூயி என்ற அமெரிக்கர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சின்னக் கிண்ணத்தைக் கண்மேலேயே பொருத்தி, அதில் ஒரு முள்ளைக் கட்டி, படிக்கும்போது கண் எப்படிப் போகிறது என்று கோடு போட்டார். படிக்கும்போதே எனக்குக் கண் கூசுகிறது.

இப்போது ஒரு மெல்லிய அகச்சிவப்பு விளக்கும் ஒரு கேமராவும் போதும். விளக்கின் பிரதிபலிப்பு உங்கள் கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கண்மணியின் நடு எங்கே, அந்தப் பொட்டு எங்கே என்ற இரண்டையும் வைத்துப் பார்வை எங்கே போகிறது என்று கணக்கிடுகிறோம். எங்கள் கேமரா நொடிக்கு 1000 தடவை இதைச் செய்கிறது. அந்த வெளிச்சம் பாதுகாப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. மத்தியான மெரினா வெயிலில் அதைவிட எத்தனையோ மடங்கு அகச்சிவப்பு உங்கள் முகத்தில் விழுகிறது.

அப்போ என் போன் கேமராவே என்னைக் கண்டுபிடித்துவிடுமா? தி.நகர் சிசிடிவி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும், அதாவது 33 மில்லிநொடிக்கு ஒன்று. படிக்கும்போது ஒரு தாவல் முடிவதற்கே சுமார் 30 மில்லிநொடிதான் ஆகிறது. ஒரு படத்தில் கண் இங்கே இருக்கும், அடுத்த படத்தில் அங்கே இருக்கும். நடுவில் நடந்த வேகம், கொக்கி, திருத்தம் எதுவுமே பதிவாகாது. எங்கே பார்த்தீர்கள் என்று உத்தேசமாகச் சொல்லலாமே தவிர, எப்படிப் போனீர்கள் என்று சொல்ல முடியாது. சிசிடிவியை விட்டுத்தள்ளுங்கள். அந்தத் தூரத்திலிருந்து உங்கள் கண்மணி நாலைந்து புள்ளிகூடத் தேறாது. அங்கே கவலைப்பட வேண்டியது முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பற்றி.

எவ்வளவு துல்லியம்? கைரேகை மாதிரி நம்பலாமா?

இன்னும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல கருவி, தலையை ஆட்டாத ஆள், ஒரு நிமிடம்போல் பதிவு என்று எல்லாம் கூடிவந்தால் முடிவு நன்றாகவே இருக்கிறது. டெக்சாஸ் குழுவின் 2022 கட்டுரை, நடைமுறைக்கு ஏற்கத்தக்க தரத்தை முதன்முதலாக நெருங்கிவிட்டோம் என்றே சொன்னது. "நெருங்கிவிட்டோம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

"நூற்றுக்கு இத்தனை சரி" என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள். வேற்று ஆளை உள்ளே விட்டது எத்தனை தடவை? சொந்தக்காரரையே வெளியே நிறுத்தியது எத்தனை தடவை? ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன பாட்டி, ரேஷன் கடையில் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இரண்டாவது வகைத் தவறு. ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு எண்தான். வரிசையில் நிற்கிறவருக்கு அது அன்றைய அரிசி.

இன்னொரு குழப்பமும் உண்டு. "இவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ, அந்த ஆள்தானா?" என்று பார்ப்பது ஒரு வேலை. "இந்தக் கூட்டத்தில் இவர் யார்?" என்று தேடுவது வேறு வேலை. நூற்றுக்கு ஒரு தவறு என்று வைத்துக்கொண்டால், ஒருவருடைய பூட்டைத் திறக்க அது பரவாயில்லை. அதையே சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு லட்சம் பேரிடம் ஒரு ஆளைத் தேடப் பயன்படுத்தினால், ஆயிரம் பேரைத் தவறாகப் பிடித்து நிறுத்தும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். மை போட்டிருக்கிறேன். மெட்ராஸ் ஐ வேறு வந்து போனது. பரவாயில்லையா?

கண்ணாடியில் எங்கள் விளக்கு பிரதிபலித்துப் பொய்ப் பொட்டு காட்டும். கொஞ்சம் கோணம் மாற்றினால் சரியாகிவிடும். மையும் மஸ்காராவும்தான் பெரிய தலைவலி. கண்மணியைக் கறுப்பு வட்டம் என்றுதான் மென்பொருள் தேடுகிறது, இமையோரக் கறுப்பைப் பார்த்ததும் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். மார்கழிக் கச்சேரிக்குப் போகிற வழியில் எங்களிடம் வராதீர்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால் சிவப்பது கண்ணின் மேல்சவ்வு. தசையும் நரம்பும் பழையபடி இருக்கும், ஆகவே தாவும் விதம் மாறக் காரணமில்லை. ஆனால் நீர் வடியும் பாதி மூடிய கண்ணைக் கேமராவால் படிக்க முடியாது. அதைவிட முக்கியம், நீங்கள் தாடை வைத்த ஸ்டாண்டில் அடுத்து இன்னொருவர் தாடை வைக்க வேண்டும். குணமான பிறகு வாருங்கள்.

தூக்கம் இல்லாவிட்டால்? குடித்திருந்தால்? வயதானால்?

மாறும். களைப்பு தாவலின் உச்ச வேகத்தைக் குறைக்கும், மதுவும் குறைக்கும். அமெரிக்காவில் சாலையோரம் போலீஸ் ஒரு பேனாவைக் கண்முன் பக்கவாட்டில் நகர்த்திக் கண் துடிக்கிறதா என்று பார்ப்பது இதையொட்டிய சங்கதிதான். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக எங்களிடம் வந்த ஓஎம்ஆர் ஐடி பையன் ஒருவனின் பதிவு, அவனுடைய பழைய பதிவோடு ஒட்டவே இல்லை. இரண்டு நாள் தூங்கிவிட்டு வந்தான், ஒட்டியது.

வருடக்கணக்கில் என்ன ஆகும் என்பது கஷ்டமான கேள்வி, ஏனென்றால் அதே ஆட்களை மறுபடி மறுபடி கூப்பிட வேண்டும். டெக்சாஸ் குழு 2021-இல் வெளியிட்ட தொகுப்பில் 322 பேரோடு தொடங்கி 37 மாதங்களில் ஒன்பது சுற்றுப் பதிவு எடுத்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் 14 பேர். ஆள் பிடிக்கிற கஷ்டம் தெரிந்தவள் என்பதால், அந்தப் பதினாலு பேருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நடிக்க முடியுமா? வேறு ஒருவர் மாதிரி கண்ணை ஓட்டினால்?

மயிலாப்பூரில் நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா சவால் விட்டுத்தான் வந்தார். பரதத்தில் பார்வையை மட்டும் எட்டு வகையாகப் பிரித்துப் பழக்குகிறார்கள். கண் அவர் சொன்னபடி கேட்கும். உண்மையிலேயே கேட்டது. எங்கே பார்க்க வேண்டும், எப்போது நகர்த்த வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தாவல் தொடங்கிய பிறகு அந்த முப்பது நாற்பது மில்லிநொடிக்குள் அதன் வேகத்தை அவராலும் மாற்ற முடியவில்லை. வில்லிலிருந்து போன அம்புதான் அது. இரண்டாவது தடவை வந்தபோதும் அதே டீச்சரம்மா என்று கம்ப்யூட்டர் சொன்னது. அவருக்கு லேசாகக் கோபம்.

கருவிழிப் படத்தை ஏமாற்றுவதைவிட இது கடினம் என்பது உண்மை. 2017-இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், ஒரு புகைப்படத்தின் மேல் கான்டாக்ட் லென்ஸை வைத்தே கேலக்ஸி எஸ்8 போனின் கருவிழிப் பூட்டைத் திறந்து காட்டியது. புகைப்படத்துக்குக் கண் ஓடாது. அப்படியானால் கண் அசைவைப் பதிவு செய்து திரும்ப ஓட்டிக் காட்டினால்? அதற்குத்தான் திரையில் நாங்கள் காட்டும் புள்ளி ஒவ்வொரு தடவையும் எதிர்பாராத இடத்தில் தோன்றும். நேற்றைய பதிவு இன்றைய புள்ளிக்குப் பொருந்தாது.

தமிழ் படித்தாலும் வேலை செய்யுமா?

தாவுவது எந்த மொழியானாலும் தாவல்தான். ஆனால் நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரு சொல் வந்தால் கண் அதற்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் இறங்கி ஏறும். படிக்கிற பழக்கமும் பதிவில் கலந்துவிடும். தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்கிறவரின் கோடு வேறு மாதிரி இருக்கும். ஆங்கிலப் பத்தியில் பழக்கிய மென்பொருளை அப்படியே கொண்டுவந்து இங்கே மாட்டினால் சரிப்படாது என்பது என் கட்சி.

இதெல்லாம் ஆராய்ச்சிதானே, நிஜத்தில் எங்கே வரப்போகிறது?

கண்முன் திரை வைத்துத் தலையில் மாட்டும் ஹெட்செட்டில். 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2-இல் கண்ணைத் தொடரும் கேமரா இருக்கிறது. நீங்கள் பார்க்கிற இடத்தை மட்டும் கூர்மையாக வரைந்து, மீதியை மங்கலாக விட்டு, கம்ப்யூட்டரின் உழைப்பை மிச்சம் பிடிக்கத்தான் அது. கட்டைவிரல் நகக் கதைதான் இங்கேயும். 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோவிலும் அந்தக் கேமராக்கள் உண்டு. அதன் பூட்டுத் திறப்பது கருவிழியை வைத்துத்தான், அசைவை வைத்து அல்ல.

அதே 2024-இல் ஒரு சுவாரசியமான சம்பவம். விஷன் புரோவில் வீடியோ காலில் உங்களுக்குப் பதில் உங்கள் உருவப் பொம்மை பேசும். அந்தப் பொம்மையின் கண்ணும் உங்கள் கண் மாதிரியே ஓடும். சாவிப்பலகையில் பார்வையாலேயே எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பொம்மையின் கண்ணைப் பார்த்து என்ன தட்டுகிறார் என்று ஊகிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆப்பிள் அதைச் சரிசெய்துவிட்டது. சாவிப்பலகை திறந்திருக்கும்போது பொம்மை இப்போது மறைந்துவிடும்.

பதிவு கொடுத்தால் என்னைப் பற்றி வேறு என்னென்ன தெரியும்?

இதை மட்டும் யாரும் முதலில் கேட்பதில்லை, கேட்க வேண்டியது இதைத்தான். கைரேகை உங்கள் பெயரைச் சொல்லும், அதோடு நிற்கும். கண் அசைவு அப்படி நிற்காது. பார்க்கின்சன்ஸ் நோய் தாவலை மாற்றும். சர்க்கரை நோய் கண்ணை ஓட்டும் நரம்பைப் பாதித்தால் அதுவும் தெரியும். தூக்கம் வருவது தெரியும், எந்தப் படத்தில் கண் கூடுதல் நேரம் நின்றது என்பதும் தெரியும். பாஸ்வேர்டு திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை ஓட்டும் தசையை எங்கே போய் மாற்றுவது?

சட்டம் என்று பார்த்தால், 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் விளையாட்டு விளையாட ஹெட்செட்டை மாட்டும் பிள்ளை, நாற்பது பக்க விதிமுறையைப் படித்துவிட்டா "சம்மதம்" தட்டுகிறான்?

உங்களிடம் கொடுத்தால் பேரை எடுத்துவிடுவீர்கள்தானே? அப்புறம் என்ன பயம்?

பெயரை எடுத்துவிட்டு ஒரு எண் போடுவோம். ஆனால் மேலே எழுதியதை எல்லாம் படித்தவர் நீங்கள். அந்த மாணவியின் கொக்கியை நினைத்துப் பாருங்கள். பெயரை எடுத்தாலும் கொக்கி ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு இடத்தில் பெயரோடு எடுத்த பதிவு யார் கையிலாவது கிடைத்தால், இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.

அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை வாயால் சொல்லியே அனுப்புகிறேன். வேண்டாம் என்று போன் செய்தால் ஃபைலை அழித்துவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். ஒன்று மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பதிவை வைத்து மென்பொருளைப் பழக்கி முடித்துவிட்டால், அதற்குள் போனதைத் தனியாகப் பிரித்தெடுப்பது எங்கள் கையில் இல்லை. வழக்கமாக மாதக் கடைசியில்தான் பழக்குவோம். மனம் மாறினால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.